கடன்பட்டவரிடம் நாம் கேட்காத கேள்வி

 

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டைப் பகுதிகளில் தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. தென்னங்கன்று காய்க்கவோ பல வருடங்கள் ஆகும். அதுவரை வருமானம் இருக்காது. கடன் மட்டும் வளரும்.

இத்தகைய நெருக்கடியில் விவசாயிகள் சிலர் தம் உயிரையே மாய்த்துக்கொள்கிறார்கள். காரணம் ஒன்றல்ல. விளைச்சல் இழப்பு, கடன், நோய், குடும்பப் பிணக்கு, மனச்சோர்வு எல்லாம் ஒன்றுசேர்ந்து அழுத்துகின்றன. குத்தகை விவசாயிக்கு நிலம் தன் பெயரில் இல்லாததால் வங்கிப் பயிர்க்கடன் எளிதில் கிடைப்பதில்லை. தனியாரிடம் வட்டிக்கு வாங்குகிறார். வட்டி ஹராம் என்று அறிந்தவர் அதை ஜமாஅத்தில் எப்படிச் சொல்வார்? வெட்கத்தில் மறைக்கிறார்.

நாமோ, தற்கொலை ஹராம் என்று ஜும்ஆ பயானில் சொல்வதோடு கடமை முடிந்தது என்றிருக்கிறோம். அது அவருக்கும் தெரியும். தெரிந்ததனாலேயே அந்த எண்ணம் வருவதை வெளியே சொல்ல அஞ்சுகிறார். எங்கள் அறக்கட்டளையும் விதிவிலக்கல்ல. உதவி கேட்டு வருபவரிடம் ரேஷன் கார்டு நகல் கேட்டிருக்கிறோம், "இரவில் தூக்கம் வருகிறதா?" என்று கேட்டதில்லை.

இனி நாம் செய்ய வேண்டியவை:

1. கவனியுங்கள். தூக்கமின்மை, சாப்பாட்டில் நாட்டமின்மை, வயலுக்கும் பள்ளிவாசலுக்கும் வராமல் ஒதுங்குதல், காரணமின்றி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டல், "நான் இல்லாவிட்டால் நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள்" என்ற பேச்சு ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள்.

2. நேராகக் கேளுங்கள். "காக்கா, சாகலாம் என்று நினைப்பு வருகிறதா?" இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மாறாக, மனப்பாரம் இறங்க வழி பிறக்கும். உபதேசம் பிறகு இருக்கட்டும், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள். அந்த வேகம் பெரும்பாலும் சிறிது நேரமே இருக்கும். அப்போது விஷம் கையெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் சினேகா தொண்டு நிறுவனம் வங்கி லாக்கர் போன்ற பொதுச் சேமிப்பறை அமைத்து, விவசாயிகள் மருந்தை அங்கே பூட்டி வைக்கச் செய்தது. நம் ஊரிலும் இதைச் செய்யலாம்.

4. தனியே விடாதீர்கள். அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகலாக இலவச ஆலோசனை கிடைக்கும். தற்கொலைக்கு முயன்றவரைப் போலீஸ் கேஸுக்குப் பயந்து வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கருதுகிறது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

5. கடனைப் பேசித் தீருங்கள். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர். கடன் கொடுத்தவர்கள், சிரமத்தில் இருப்பவருக்குத் தவணை கொடுங்கள். இதுவும் மார்க்கம் கற்பித்ததே.

இன்று இஷாத் தொழுகைக்குப் பின், சில நாட்களாக ஸஃப்பில் காணாத ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அல்லாஹ் நம் அனைவரின் கஷ்டங்களையும் இலேசாக்குவானாக. ஆமீன்.