பென் ட்ரைவைக் கழற்று முன்…

ஹட்டன் நகரில் எங்கள் வாப்பாவுக்குச் சிறிய பலசரக்குக் கடை. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருவோர் பலர் கடனுக்குச் சாமான் வாங்கி, சம்பளம் கிடைத்ததும் கொடுப்பார்கள். அந்தக் கணக்கெல்லாம் ஒரு கொப்பியில் இருந்தது. சென்ற விடுமுறையில் நான் அதை நானாவின் கணினியில் தட்டச்சு செய்தேன். மூன்று நாள் வேலை. பென் ட்ரைவில் சேமித்த கையோடு, உம்மா கூப்பிட்டார் என்று பிடுங்கிக்கொண்டு ஓடினேன். இரவில் திறந்து பார்த்தால் கோப்பின் பெயர் இருந்தது, கணக்கு இல்லை!

வாப்பா ஏசவில்லை. "கொப்பிய வீசாம வெச்சது நல்லதாப் போச்சு. இது மத்தவங்கட அமானிதம் மகள்" என்றார். அந்த வார்த்தைதான் என்னைக் காரணம் தேட வைத்தது.

சேமித்தாயிற்று என்று திரை காட்டினாலும், தரவு முழுவதும் பென் ட்ரைவைச் சென்றடைந்திருக்கும் என்பதில்லை. வேகத்துக்காகப் பணிசெயல் முறைமை அதில் ஒரு பகுதியைக் கணினியின் நினைவகத்தில் வைத்திருந்து, சற்றுத் தாமதித்து எழுதக்கூடும். கடையில் கூட்டமான நேரம் வாப்பா கடனை மனதில் வைத்திருந்து, பிறகு கொப்பியில் பதிவதைப் போன்றது இது. பதியும் முன் கொப்பியைப் பறித்தால் என்னவாகும்?

2018இல் வெளிவந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, இவ்வாறு தாமதித்து எழுதாத முறையே இயல்பாக அமைக்கப்பட்டுள்ளது. ஆயினும் எழுதிக்கொண்டிருக்கும்போது கழற்றினால் ஆபத்துத்தான். திடீர் மின்வெட்டும் இதே கெடுதியைச் செய்யும்.

கழற்றும் முறை இதுதான்:

1. கோப்பைச் சேமித்து, அதைத் திறந்திருக்கும் மென்பொருளை மூடுங்கள்.
2. திரையின் வலது கீழ் மூலையிலுள்ள யூஎஸ்பி படத்தை அழுத்தி, 'இஜெக்ட்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். படம் தெரியாவிட்டால் பக்கத்திலுள்ள சிறிய அம்புக்குறியை அழுத்துங்கள்.
3. பாதுகாப்பாகக் கழற்றலாம் என்ற செய்தி வந்தபின் எடுங்கள்.
4. 'பயன்பாட்டில் உள்ளது' என்று மறுத்தால், ஏதோ ஒரு கோப்பு இன்னும் திறந்திருக்கிறது. எல்லாவற்றையும் மூடிப் பாருங்கள். அதற்கும் மறுத்தால் கணினியை முழுமையாக நிறுத்திய பின் கழற்றுங்கள்.

மீண்டும் செருகும்போது 'ஃபோர்மட் செய்யவா?' என்று கேட்டால் சம்மதிக்காதீர்கள். புதிதாக எதையும் அதில் சேமிக்கவும் வேண்டாம். பழைய கோப்புகளை மீட்க வாய்ப்பிருக்கலாம். விபரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பெற்றோரே, பிள்ளைகளின் செயற்றிட்டங்களும் குடும்பப் படங்களும் ஒரே பென் ட்ரைவில் மட்டும் இருக்க விடாதீர்கள். இன்னுமோர் இடத்திலும் பிரதி இருக்கட்டும்.

கணக்கை மறுபடியும் மூன்று நாள் இருந்து தட்டச்சு செய்தேன். இப்போது அது கணினியிலும் பென் ட்ரைவிலும் இருக்கிறது. கொப்பியும் மேசை லாச்சிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஒருவருடைய கடன் ஒரு ரூபாயேனும் கூடிவிடவோ குறைந்துவிடவோ கூடாதல்லவா?