வெனிலா கேக்கும் கேரமல் பூச்சும்: கடலோர வீட்டுக்கு எது ஒத்துவரும்?

வீட்டில் லேயர் கேக் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஓவனைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். அடுத்து கேக் அளவு. மேலே பூசுவதைப் பற்றிய யோசனை கடைசியில்தான் வருகிறது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். இங்கே கேக் கெட்டுப்போவது பெரும்பாலும் அடுப்பில் இல்லை. அடுப்பிலிருந்து இறங்கிய பிறகுதான்.

காரணம் நம் காற்று. கடலை ஒட்டிய தெருக்களில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நிற்பது சாதாரணம். வெண்ணெய் உருகுவது 32 முதல் 35 டிகிரிக்குள். சித்திரை, வைகாசியில் நம் சமையலறை பொழுது சாய்ந்த பிறகும் அந்தச் சூட்டில்தான் இருக்கும். சர்க்கரைக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. கருக்கிய சர்க்கரைக்கு அது இன்னும் அதிகம். திறந்து வைத்த கேரமல் சற்று நேரத்திலேயே பிசுபிசுக்கத் தொடங்கும். அதனால் முதலில் பூச்சை முடிவு செய்யுங்கள். அந்தப் பூச்சைத் தாங்கும் கேக்கை அடுத்ததாகவும், அந்தக் கேக்குக்கு ஏற்ற அடுப்பைக் கடைசியாகவும் தேர்ந்தெடுங்கள்.

தொடங்கும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். எந்த மாதம்? கேக் எவ்வளவு தூரம் போக வேண்டும்? வெட்டும் வரை அது ஃபிரிட்ஜில் இருக்குமா, வெளியே இருக்குமா?

பூச்சு: நான்கு வழிகள்

கேரமல் பட்டர்க்ரீம். 150 கிராம் வெண்ணெயை வெளுக்க அடித்து, 200 கிராம் ஐசிங் சுகர் சேர்த்து, நன்றாக ஆறிய கேரமல் சாஸ் 100 கிராம் கலப்பது. சுவையும் வழவழப்பும் இதற்கே முதலிடம். பூ வைக்கலாம், ஓரம் வழிக்கலாம், அவசரமில்லாமல் வேலை செய்யலாம். ஆனால் 28 டிகிரியைத் தாண்டினாலே தளர ஆரம்பித்துவிடும். மார்கழி, தை மாத இரவுகளில் அல்லது ஏசி அறையில் வெட்டப்போகும் கேக்குக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். உப்பில்லாத வெண்ணெய் வாங்குங்கள். சாதாரண டேபிள் பட்டரில் இருக்கும் உப்பு இந்த அளவுக்குச் சேரும்போது கரித்துவிடும்.

கேரமல் விப்பிங் க்ரீம். கடைக் கேக்குகளில் இருப்பது பெரும்பாலும் பாலில்லாத, தாவரக் கொழுப்பு க்ரீம். நன்றாக நுரைத்து நிற்கும்; வாயில் லேசாக எண்ணெய்ப் படலம் தங்கும். பால் க்ரீமில் செய்வதானால் கொழுப்பு குறைந்தது 30 சதவீதம் வேண்டும். அட்டைப் பெட்டியில் வரும் 25 சதவீத ஃபிரெஷ் க்ரீம் எவ்வளவு அடித்தாலும் நிற்காது. கேரமல் சாஸில் கலக்க மட்டும் சரி. இந்தப் பூச்சில் இனிப்பு குறைவு என்பதால் குழந்தைகளும் பெரியவர்களும் திகட்டாமல் சாப்பிடுவார்கள். ஆனால் ஃபிரிட்ஜை விட்டு வெளியே வந்து அரை மணி நேரத்துக்குள் வெட்டிவிட வேண்டும்.

கெட்டிப்பால் கேரமல். கன்டென்ஸ்டு மில்க்கை எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி, இறுக மூடி, குக்கரில் தண்ணீருக்குள் வைத்துச் சிறு தீயில் 35, 40 நிமிடம் வேகவிட்டால் பழுப்பு நிறக் களிம்பாகிவிடும். திறக்காத தகர டப்பாவை அப்படியே வேகவைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். உள்ளழுத்தத்தில் டப்பா வெடித்தால் காயம் பலமாக இருக்கும். கருகிவிடுமோ என்ற பயம் இல்லாததால் புதிதாகக் கற்பவர்களுக்கு இது நல்ல வழி. குறை ஒன்றுதான்: இது இறுகாது. லேயர்களுக்கு நடுவில் பூசவும் மேலே மெல்லிசாகத் தடவவும் சரியாக இருக்கும். பக்கவாட்டில் கனமாகப் பூசினால் வழியும்.

காய்ச்சிய கேரமல். என் ஓட்டு இதற்குத்தான். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் நம்மைப் போலவே வெயிலும் புழுக்கமும் உண்டு. அங்கே பரம்பரையாகச் செய்யும் கேரமல் கேக்குக்கு இந்தப் பூச்சுதான். சர்க்கரையும் பாலும் வெண்ணெயும் பதமாகக் காய்ந்து, ஆறும்போது மெல்லிய தோலோடு இறுகிக்கொள்ளும். உள்ளே பால்கோவா மாதிரி மெத்தென்று இருக்கும். நிற்பதற்கு ஃபிரிட்ஜ் தேவையில்லை.

அதிரசப் பாகு எடுத்துப் பழகிய கைக்கு இது புது வேலையே இல்லை. மொத்தம் 300 கிராம் சர்க்கரை, 180 மில்லி கொழுப்பு நிறைந்த பால், 100 கிராம் வெண்ணெய். சர்க்கரையில் 75 கிராமைத் தனியே எடுத்து, அடி கனமான, ஆழமான கடாயில் தண்ணீர் விடாமல் உருக்குங்கள். கரண்டி போடாமல் கடாயையே சுழற்றுங்கள். ஓரத்தில் முதலில் உருகும், பிறகு தேன் நிறம் வரும், அதன் பிறகு டீ டிகாஷன் நிறம். அங்கே நிறுத்த வேண்டும். இன்னும் அரை நிமிடம் விட்டால் கசப்பு ஏறிவிடும். இன்னொரு அடுப்பில் மீதி 225 கிராம் சர்க்கரையைப் பாலிலும் வெண்ணெயிலும் கரைத்துச் சூடாக வைத்திருங்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேரமலில் ஊற்றுங்கள். சீறிப் பொங்கும்; முகத்தைத் தள்ளி வையுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். கேரமல் கட்டி தட்டினாலும் கவலை வேண்டாம், கொதியில் கரைந்துவிடும்.

மிதமான தீயில் கிளறிக்கொண்டே 114 டிகிரி வரை காய்ச்ச வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். விரலால் திரட்டினால் மெத்தென்ற உருண்டையாக வர வேண்டும். அதுதான் பதம். இறக்கி, கால் மணி நேரம் ஆறவிட்டு, வெனிலா விட்டு, மரக்கரண்டியால் அடியுங்கள். முதலில் கண்ணாடிபோல் மினுங்கும். கை கனக்கத் தொடங்கும்போது மினுமினுப்பு மங்கி, கரண்டி போன தடம் ஒரு கணம் நின்று மூடும். அந்த நொடியில் கேக் மேல் ஊற்றிவிடுங்கள். பூசி முடிக்க ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். நடுவில் இறுகிவிட்டால் ஒரு ஸ்பூன் சூடான பால் விட்டுக் கலக்கினால் இளகிவிடும். பூசும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் மேல்தோல் முன்கூட்டியே காய்ந்து சுருக்கம் விழும்.

மழை நாளில் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி கூடுதலாகக் காய்ச்சுங்கள். காற்றின் ஈரத்தை அந்தக் கூடுதல் பதம் ஈடுகட்டும். சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அதன் மணம் தனி ருசிதான், ஆனால் அது கேரமல் ருசி அல்ல. ஈரத்தையும் சர்க்கரையைவிட அதிகம் இழுக்கும். மாற்றிப் பார்க்க விரும்பினால் 50 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேக்: வெண்ணெயா, எண்ணெயா, முட்டையில்லாததா?

பூச்சு முடிவானால் கேக் தானே முடிவாகிவிடும். வெண்ணெய் கேக் ஃபிரிட்ஜில் கல்லாக இறுகும். வெளியே இருந்தால் மணமும் பதமும் நிறைவாக இருக்கும். எண்ணெய் கேக் குளிரிலும் மெத்தென்றே இருக்கும், ஏனென்றால் பெரும்பாலான சமையல் எண்ணெய்கள் ஃபிரிட்ஜில் உறைவதில்லை. ஆகவே வெளியே நிற்கும் காய்ச்சிய கேரமலுக்கு வெண்ணெய் கேக். ஃபிரிட்ஜுக்குள் போகும் விப்பிங் க்ரீமுக்கு எண்ணெய் கேக். பட்டர்க்ரீமுக்கு இரண்டும் சரி. ஆனால் வெட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

ஆறு அங்குல வட்டத் தட்டு இரண்டுக்கு அளவு: வெண்ணெய் 150 கிராம், பொடித்த சர்க்கரை 180 கிராம், முட்டை 3, மைதா 180 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், பால் 70 மில்லி, வெனிலா 2 டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயும் சர்க்கரையும் வெளுக்கும் வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மைதாவையும் பாலையும் மாற்றி மாற்றிப் போட்டு மெதுவாகக் கலந்தால் போதும். நம்மூரில் வெண்ணெய் வெளியே வைத்த பத்து, பதினைந்து நிமிடத்திலேயே இளகிவிடும். விரல் பட்டால் குழி விழ வேண்டும், ஆனால் பளபளக்கக் கூடாது; பளபளத்தால் கேக் கனத்துப்போகும். காய்ச்சிய கேரமல் நல்ல இனிப்பு என்பதால் அதற்குச் செய்யும் கேக்கில் சர்க்கரையை 150 கிராமாகக் குறையுங்கள்.

எண்ணெயில் செய்வதானால் வெண்ணெய்க்குப் பதில் வாசனையில்லாத எண்ணெய் 120 மில்லி. வெள்ளிக்கிழமையும் விரத நாளும் பார்க்கிற வீடுகளில் முட்டைக்குப் பதிலாகக் கெட்டித் தயிர் முக்கால் கப், அரை டீஸ்பூன் சமையல் சோடா. தயிர் கேக் கொஞ்சம் உதிரும். அதைக் குறுக்கே அறுத்து நான்கு லேயராக்க முயல வேண்டாம், இரண்டோடு நிறுத்துங்கள். காய்ச்சிய கேரமலுக்கும் இரண்டு லேயர்தான் நல்லது. நான்கு அடுக்கையும் பூசி முடிப்பதற்குள் அது இறுகிவிடும். நான்கு அடுக்கு அழகு வேண்டுமென்றால் பட்டர்க்ரீம் பக்கம் போக வேண்டும்.

வெனிலாவில் எசென்ஸா, அசல் காயா? வெனிலாப் பூவைக் கையால் மகரந்தம் சேர்க்கும் முறையை 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியுஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்தான். இன்றும் அந்தக் கைவேலைதான். காயின் விலைக்கு அது முக்கியக் காரணம். 1874இல் ஜெர்மனியில் வெனிலினைச் செயற்கையாகத் தயாரித்த பிறகு எசென்ஸ் எல்லாருக்கும் எட்டியது. கேரமலின் அழுத்தமான மணத்துக்கு முன் அசல் காயின் நுட்பம் அதிகம் தெரியாது. எசென்ஸே போதும். கேக்கில் வெண்ணெயோடு சேர்த்து அடியுங்கள், பூச்சில் அடுப்பை அணைத்த பிறகு விடுங்கள்; மணம் தங்கும்.

அடுப்பு: இருப்பதே போதும்

ஓடிஜி இருந்தால் 170 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம், நடுத் தட்டில். இரண்டு கேக்கும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில் வரும். லேயர் கேக்குக்கு அந்தச் சமம் முக்கியம். மாவைத் தராசில் நிறுத்துப் பங்கு போடுங்கள். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவில் உள்ளே விசிறி சுழல்வதால் மேல்பக்கம் சீக்கிரம் சிவக்கும். 160 டிகிரி வைத்தால் சரியாகும்.

அலுமினிய தேக்சா வட சென்னையில் பிரியாணி செய்கிற எந்த வீட்டிலும் இருக்கும். அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கல்லுப்பு, அதன் மேல் வளையம், மூடி, மூடி மேல் பாரம். பத்து நிமிடம் காயவிட்டு, கேக் தட்டை வைத்து, தீயைக் குறைத்து 40 முதல் 45 நிமிடம். முதல் அரை மணி நேரம் திறக்கக் கூடாது. குக்கரைவிட இதையே நான் சொல்வேன்: குக்கரைத் தண்ணீரில்லாமல் காயவைத்தால் அதன் அடி வளையும் ஆபத்து உண்டு. தேக்சாவில் மேலே பொன்னிறம் வராது, ஆனால் பூச்சு மறைத்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான் வேகும் என்பதால் மாவையும் இரண்டு தடவையாகக் கலக்குங்கள்.

தெரு பேக்கரி. 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. ரயிலையும் துறைமுகத்தையும் நம்பி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும், மீனவக் கிறிஸ்தவக் குடும்பங்களும் இந்தப் பகுதிக்குக் கேக் ருசியைக் கொண்டுவந்தார்கள். கிறிஸ்துமஸ் நேரத்தில் வீட்டில் கலந்த மாவைத் தட்டோடு பேக்கரிக்குக் கொண்டுபோய் வேகவைத்து வாங்கும் பழக்கமும் அதோடு வந்தது. பழம் போட்ட கனமான கேக்குக்கு அந்த அடுப்பு அருமை. மெல்லிய வெனிலா கேக்குக்கு அந்தச் சூடு அதிகம். ரொட்டியெல்லாம் இறக்கிய பிறகு, சூடு தணிந்த நேரத்தில் கடைசியாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஃபிரிட்ஜும் சாலையும்

காசிமேட்டுக்குப் பக்கத்தில் மீனில்லாத ஃபிரிட்ஜைப் பார்ப்பது அரிது. வெண்ணெயும் க்ரீமும் வாசனையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். வஞ்சிரம் இருக்கும் அதே ஃபிரிட்ஜில் பட்டர்க்ரீம் கேக்கை வெறும் அட்டைப் பெட்டியில் வைத்தால் மறுநாள் நாக்கிலேயே தெரியும். காற்றுப் புகாத பெரிய டப்பா இல்லாத வீட்டில் க்ரீம் பூச்சை எடுக்காதீர்கள். கரன்ட்டையும் யோசிக்க வேண்டும்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூருக்குக் கேக் போக வேண்டும் என்றால் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே ஆட்டோவில் குலுங்கித்தான் போகும். இறுகிய பூச்சு அந்தக் குலுக்கலைத் தாங்கும். க்ரீம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

யாருக்கு எது?

முதல்முறை செய்பவருக்கு: எண்ணெய் கேக், நடுவிலும் மேலும் கெட்டிப்பால் கேரமல், தேக்சா அடுப்பு.

மார்கழியில் வீட்டிலேயே வெட்டும் பிறந்தநாளுக்கு: வெண்ணெய் கேக், நான்கு அடுக்கு, பட்டர்க்ரீம், ஓடிஜி.

ஃபிரிட்ஜில் தனி இடமிருந்து, இனிப்பு குறைவாக வேண்டும் என்பவருக்கு: எண்ணெய் கேக், விப்பிங் க்ரீம்.

கோடையில் செய்வதற்கும், தூரம் போவதற்கும், ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கும்: சர்க்கரை குறைத்த வெண்ணெய் கேக், இரண்டு அடுக்கு, காய்ச்சிய கேரமல். மூடி வைத்தால் வெயில் காலத்தில் ஒரு நாள், குளிர் மாதத்தில் இரண்டு நாள் வெளியே இருக்கும்.

ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ள நேரமிருந்தால் இந்தக் கடைசி வழியைக் கற்றுக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு அதிரசமும் ரம்ஜானுக்கு பிரியாணியும் கிறிஸ்துமஸுக்கு கல்கலும் வீடு மாறி வீடு போகிற தெருக்கள் இவை. இங்கே கேக் என்பது நம் மேஜையில் மட்டும் அழகாக இருந்தால் போதாது. பக்கத்து வீட்டுக்குத் தட்டில் போய், அங்கே சாயங்காலம் வரை இருந்து, வேலை முடிந்து வருகிறவருக்கும் ஒரு துண்டு அதே ருசியோடு கிடைக்க வேண்டும். அதற்கு ஈடுகொடுக்கிற பூச்சு காய்ச்சிய கேரமல்தான்.