இருமிக்கொண்டே ஓட்டினால் ஆஸ்பத்திரி போய்விடலாமா?

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அந்தச் செய்தி அடிக்கடி தலைகாட்டுகிறது. தனியாகக் கார் ஓட்டி வரும்போது நெஞ்சு வலிக்கிறதா? மூச்சை இழுத்து இழுத்துப் பலமாக இருமுங்கள், ஆஸ்பத்திரிவரை தாக்குப்பிடிக்கலாம் என்கிறது அது. தயவுசெய்து நம்பாதீர்கள், யாருக்கும் அனுப்பவும் செய்யாதீர்கள்.

மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. பெரும்பாலும் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். இருமலால் அடைப்பு விலகாது. துடிப்பே நின்றுவிட்டாலோ, சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். அப்புறம் எங்கே இருமுவது? ஆஞ்சியோ செய்யும் அறையில், மானிட்டரில் துடிப்பு தடுமாறுவதைக் கண்டதும், நினைவோடு இருக்கும் நோயாளியை டாக்டர் இருமச் சொல்வதுண்டு. அதுதான் உருமாறி நம் போனுக்கு வந்திருக்கிறது. அமெரிக்க இதயச் சங்கம் பொதுமக்களுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை. வண்டியை ஓரங்கட்டுங்கள். எஞ்சினை அணைத்து, கதவு லாக்கை எடுத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். லாக்கை எடுத்தால்தான் உதவிக்கு வருபவர் கண்ணாடியை உடைக்க வேண்டியிருக்காது.

பேஸ்மேக்கர் வைத்தவர் சீட் பெல்ட் போடக் கூடாது என்பதும் தவறு. பேஸ்மேக்கரைப் பெரும்பாலும் இடப்பக்கக் காறை எலும்புக்குக் கீழேதான் வைக்கிறார்கள். நம் ஊர்க் காரில் ஓட்டுபவரின் பெல்ட்டோ வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு இறங்குகிறது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் உரசலாம். சின்னத் துண்டை மடித்து வைத்துக்கொண்டால் போதும்.

“பைபாஸ் ஆனவர் இனி வண்டியைத் தொடவே கூடாது” என்கிறார்கள் சிலர். “டிஸ்சார்ஜ் ஆயாச்சு, இனி என்ன?” என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் சரியில்லை. பிரிட்டனில் ஆஞ்சியோபிளாஸ்டி சிக்கலில்லாமல் முடிந்தால் 1 வாரம், பைபாஸ் என்றால் 4 வாரம் கார் ஓட்டக் கூடாது. பஸ், லாரி ஓட்டுநர்களுக்குக் காத்திருப்பு இன்னும் நீளம். பரிசோதனையிலும் தேற வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு ஓட்டுவதற்குத்தான், வண்டியைத் தூக்குவதற்கு அல்ல. பைபாஸ் முடிந்த ஐந்தாம் வாரம் என் பெரியப்பா கடைத்தெருவுக்கு ஸ்கூட்டரில் போனார். ஓட்டியதில் ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்து சென்டர் ஸ்டாண்ட் போட வண்டியைத் தூக்கியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிளந்து கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு நன்றாகக் கூட இரண்டு மூன்று மாதம் ஆகும்.

இதய நோயைச் சொன்னால் லைசென்ஸ் கிடைக்காது என்று மறைப்பவர்கள், லைசென்ஸுக்கான உடல்தகுதி உறுதிமொழியான படிவம் 1-ஐ ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். இதயமா, சிறுநீரகமா என்று அது பெயர் சொல்லிக் கேட்பதில்லை. வலிப்போ, எந்தக் காரணத்தாலாவது திடீர் மயக்கமோ தலைசுற்றலோ வருமா என்றுதான் முதலில் கேட்கிறது. மிகச் சரியான கேள்வி. வருமென்றால், சிகிச்சையில் அது அடங்கும்வரை சாவியை வீட்டில் கொடுத்துவிட வேண்டும்.

கிட்னி நோயாளிகளுக்கும் இதே கணக்குதான். டயாலிசிஸில் இருப்பவர் ஓட்டவே கூடாது என்பதில்லை. டயாலிசிஸ் முடிந்த கையோடு ஓட்டுவதில்தான் ஆபத்து. நாலு மணி நேரத்தில் உடம்பிலிருந்து லிட்டர் கணக்கில் நீரை எடுத்திருப்பார்கள். ரத்த அழுத்தம் இறங்கி, எழுந்து நின்றாலே கண் இருட்டும். காலில் குரக்களி இழுக்கும். ஆஸ்பத்திரி வாசலில் டயாலிசிஸ் ஊசி குத்தும் ஃபிஸ்டுலா கையில் பிளாஸ்திரியோடு, மறுகையால் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி பைக் சாவியைத் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நின்று ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அன்றைக்கு மட்டுமாவது வீட்டில் யாரையாவது கூட்டிப்போக வரச் சொல்லுங்கள், இல்லை ஆட்டோ வையுங்கள்.

சர்க்கரையும் இருந்து இன்சுலின் போடுபவர் என்றால் இன்னொன்று. இன்சுலினை உடம்பிலிருந்து கழிப்பதில் சிறுநீரகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அது பழுதானால், வருஷக்கணக்காகப் போட்டுவந்த அதே அளவு ஊசி கூடுதல் நேரம் வேலை செய்து சர்க்கரையைத் தாழ்த்திவிடும். “சுகர் தானாகக் குறையுது, நல்லதுதானே?” என்று சந்தோஷப்படாமல் டாக்டரிடம் அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். வண்டியை எடுப்பதற்கு முன் விரலில் குத்திப் பாருங்கள். சட்டைப் பையில் நாலு குளுக்கோஸ் மிட்டாய் இருக்கட்டும்.