ஸ்வாப் எவ்வளவு வேணும்? அளந்து பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்!

என்னோடது அண்ணன் பிளஸ் டூ படிச்சப்போ அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். 2011-ல் தொடங்கிய திட்டம். 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. போன செமஸ்டரில் லினக்ஸை மறுபடி இன்ஸ்டால் செய்தபோது, "இடம் வீண்" என்று ஸ்வாப் பார்ட்டிஷனை நானே அழித்துவிட்டேன்.

மினி ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டிய முந்தின ராத்திரி, குன்றத்தூர் ரூமில் மூணு மணி நேரமாக ஓடிய சிமுலேஷன் "கில்டு" என்ற ஒரே வார்த்தையோடு நின்றது. கிராஃப் இல்லாமல்தான் ரிப்போர்ட் போனது.

நடந்தது இதுதான்: ரேம் தீர்ந்துபோய், ஸ்வாப்பும் இல்லையென்றால், கெர்னலின் ஓஓஎம் கில்லர் பெரும்பாலும் அதிக மெமரி பிடித்த ப்ராசஸை நிறுத்திவிடும்.

ஒரகடம் பக்கம் இன்பிளான்ட் ட்ரெய்னிங் போனவங்களுக்கு இது ஈஸியா புரியும். அசெம்பிளி லைன் பக்கத்து ரேக்தான் ரேம்; பின்னாடி இருக்கிற குடோன்தான் ஸ்வாப். அடிக்கடி தேவைப்படாத பார்ட்ஸ் குடோனில் இருந்தால் ரேக்கில் இடம் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓடினால் லைன் நின்னுடும். குடோனைப் பெரிதாக்கினாலும் லைன் வேகமாகாது. ஹார்டு டிஸ்க்கில் ஒரு பேஜை எடுக்க மில்லி செகண்டுகள் ஆகும். ரேமுக்கு நானோ செகண்டுகள் போதும்.

"ரேம் போல ரெண்டு மடங்கு" என்று சீனியர்கள் சொல்வது ரேம் குறைவாக இருந்த காலத்துக் கணக்கு. ரெட் ஹாட்டின் வழிகாட்டியிலேயே 2 ஜிபி வரைக்கும்தான் இரண்டு மடங்கு. 2 முதல் 8 ஜிபி வரை ரேம் அளவே போதும். அதற்கு மேல் 64 ஜிபி வரை குறைந்தது 4 ஜிபி. 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி வைத்திருப்பவர் 32 ஜிபியை ஸ்வாப்புக்குக் கொடுத்தால், டிஸ்க்கில் எட்டில் ஒரு பங்கு காலி!

நம்ம மெஷினுக்கு எவ்வளவு? இப்படி அளக்கலாம்:

1. முதலில் 2 ஜிபி ஸ்வாப் ஃபைல் ஒன்று போடுங்க. பார்ட்டிஷனை மாற்றத் தேவையில்லை. பிறகு கூட்டலாம், குறைக்கலாம்.

2. வழக்கமாகத் திறப்பதை எல்லாம் திறந்துவிட்டு 'ஃப்ரீ' கமாண்ட் கொடுங்க. ரேமிலும் ஸ்வாப்பிலும் 'யூஸ்டு' அளவைக் கூட்டினால் அதுதான் உங்க உச்சத் தேவை.

3. அதில் ரேமைக் கழித்து, கொஞ்சம் கையிருப்பு சேருங்க. எனக்கு உச்சம் 3 ஜிபி. 3 - 2 = 1; கையிருப்பு 1. மொத்தம் 2 ஜிபி.

4. ஹைபர்னேட் வேணுமா? ரேமில் இருப்பது ஸ்வாப்பில்தான் எழுதப்படும். அதனால் ரேம் அளவையும் கூட்டுங்க. எனக்கு 4 ஜிபி.

கடைசியா ஒண்ணு. 'விஎம்ஸ்டாட்' கமாண்டில் எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு காலமும் விடாமல் பெரிய எண்ணாகவே ஓடினால் ஃபோர்க்லிஃப்ட் ஓயவில்லை என்று அர்த்தம். அப்போ ஸ்வாப்பைக் கூட்டிப் பயனில்லை. டேப்களை மூடுங்க, இல்லை ரேம் வாங்குங்க.

இந்த செமஸ்டரில் அதே லேப்டாப், அதே சிமுலேஷன். மெதுவாகத்தான் ஓடியது. ஆனால் முடிந்தது, கிராஃபும் வந்தது.