பாதகமான பத்திரத்தை முதலில் எடுத்து வை

அன்பு மகளுக்கு,

அப்பா வழிப் பூர்வீக நிலத்தில் உன் பங்கைக் கேட்டு வழக்குப் போடலாமா, புதுக்கோட்டையில் நல்ல வக்கீல் யார் என்று கேட்டிருந்தாய். ஒரு பெயரைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் நிலத் தாவாவில், முதல் நாள் நீ வக்கீலிடம் என்ன சொல்கிறாய், எதைக் காட்டுகிறாய் என்பதற்கு அவருடைய பெயரைவிட வலு அதிகம். சாதகமானதை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். பாதகமானதை மட்டும் வாய்தா மேல் வாய்தா போன பிறகு, எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும்போதுதான் ஒப்புக்கொள்கிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. உனக்கு எதிராகப் பேசக்கூடிய காகிதம் எதுவோ, அதையே முதலில் மேசைமேல் வை.

இது வெறும் நல்லொழுக்க உபதேசம் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போய், உச்ச நீதிமன்றம் 1993 அக்டோபரில் தீர்ப்பளித்த செங்கல்வராய நாயுடு வழக்கைப் பார். ஒரு குமாஸ்தா தன் முதலாளிக்காக நீதிமன்ற ஏலத்தில் சொத்தை எடுத்தார். 1945-லேயே அதில் தனக்கு உரிமை எதுவும் இல்லை என்று முதலாளிக்கு விடுதலைப் பத்திரம் பதிவுசெய்து கொடுத்துவிட்டார். பிறகு அந்தப் பத்திரத்தைப் பற்றி மூச்சுவிடாமல், அதே சொத்தில் பங்கு கேட்டு வழக்குப் போட்டு முதல்நிலைத் தீர்ப்பும் பெற்றார். இறுதித் தீர்ப்புக்கு மனுப் போட்ட கட்டத்தில் பத்திரம் வெளிவந்தது. தனக்கு எதிரான ஆவணத்தைத் தானே காட்ட வேண்டிய கடமை வாதிக்கு இல்லை என்றது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தான் எழுதிக்கொடுத்த முக்கியமான பத்திரத்தை மறைப்பது நீதிமன்றத்துக்கும் எதிராளிக்கும் செய்யும் மோசடி என்று சொல்லி, கையில் கிடைத்த தீர்ப்பே செல்லாது என்றது. அன்று பழைய பதிவைத் தேடி எடுப்பதே பெரும்பாடு. இன்று எதிர்த்தரப்பு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டாலே போதும். திருமணத்தின்போது நகையும் சீரும் கொடுத்து உன்னிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியிருந்தால், அதை நீ மறைத்தாலும் அது மறையாது.

பாதகமாகத் தெரிகிற தகவல் சில நேரம் வழக்கின் அடித்தளமாகவே இருக்கும். 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ள இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்தின்படி மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பூர்வீகச் சொத்தில் சம உரிமை உண்டு. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி விற்றதையும் பிரித்ததையும் இந்தச் சட்டம் தொடாது. ஆகவே கிரயம் எந்தத் தேதியில் நடந்தது, பாகப்பிரிவினை பதிவானதா, நிலம் தாத்தாவிடமிருந்து வந்ததா அல்லது அப்பா சம்பாதித்து வாங்கியதா, உயில் இருக்கிறதா என்பவை ஒவ்வொன்றும் உன் வழக்கைத் திருப்பக்கூடியவை. உன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று எப்போது தெரியவந்தது என்பதையும் கூசாமல் சொல். கூட்டுக் குடும்பச் சொத்தில் ஒதுக்கப்பட்டவர் பங்கு கேட்பதற்கான 12 ஆண்டுக் கெடு, அது தெரியவந்த நாளிலிருந்தே ஓடுகிறது. நிலம் இப்போது யார் அனுபவத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். கூட்டு அனுபவம் என்றால் நீதிமன்றக் கட்டணம் சிறிய நிலையான தொகை. நீ வெளியேற்றப்பட்டிருந்தால் உன் பங்கின் சந்தை மதிப்பைப் பொறுத்துக் கூடும்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் ஊர்ப் பழக்கத்தில் எதிர்த்தரப்புக்குச் செய்தி போய்விடாதா என்று நீ அஞ்சலாம். சின்ன ஊரில் அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதமின்றி வக்கீல் வெளியிடக்கூடாது என்பது சட்டம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டமும் இதையே சொல்கிறது. அவருடைய குமாஸ்தாவையும் அது கட்டுப்படுத்துகிறது. சட்டவிரோதக் காரியத்துக்காகச் சொன்னதற்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. உண்மையைக் கேட்டால் வக்கீல் வழக்கை எடுக்கமாட்டாரோ என்பது அடுத்த தயக்கம். எடுக்கமாட்டார் என்றால் அதை முதல் நாளே தெரிந்துகொள்வது, பத்து வருடம் கோர்ட்டுக்கு நடந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட எவ்வளவோ மேல். பலவீனத்தைக் கேட்டபின் சமாதானமாகப் போகலாம் என்று அவர் சொன்னால், அதையும் ஆலோசனையாகவே எடுத்துக்கொள்.

போகும்முன் இரண்டு பக்கத்தில் தேதிவாரியாக நடந்ததை எழுது. யார் யாருக்கு வாரிசு என்று தாத்தாவிலிருந்து தொடங்கி ஒரு குடும்ப மரம் வரைந்துகொள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றின் நகல்களைக் கொண்டுபோ. அசல்கள் வீட்டில் இருக்கட்டும். நம் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததே 1948 மார்ச்சில்தான்; இனாம் நிலங்கள் அதற்குப் பிறகு ரயத்துவாரியாக மாறின. அதனால் வீட்டில் சமஸ்தானக் காலத்துக் காகிதம் கிடந்தால் அதையும் சேர்த்துக்கொள். பட்டா அண்ணன் பெயரில் இருக்கிறதே என்று மனம் தளராதே. வருவாய்த்துறைப் பதிவு உரிமையைத் தந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. பட்டா உன் பெயரில் இருந்தாலும் அதே விதிதான்.

வக்கீலைத் தேர்ந்தெடுக்கும்போது, நிலம் எந்த நீதிமன்ற எல்லையில் இருக்கிறதோ அங்கே சிவில் வழக்கு நடத்துபவரைப் பார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போவது பிறகு வரக்கூடிய மேல்முறையீட்டுக் கட்டத்தில்தான். ஃபீஸ் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு, நீதிமன்றக் கட்டணம் தனியா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள். ஜெயித்தால் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு கொடு என்று கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடு. இந்திய பார் கவுன்சில் விதி அதைத் தடைசெய்கிறது. வக்காலத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு, வெற்றுத்தாளில் போடாதே. பின்னால் வக்கீலை மாற்ற நேர்ந்தால், ஃபீஸ் பாக்கியைக் காட்டி அவர் வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க முடியாது என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. பணம் இல்லையே என்று பின்வாங்காதே. பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்க உனக்கு உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம். இலவசமாக வருபவர் அக்கறையாக இருப்பாரா என்பார்கள். எந்த வக்கீலுக்கும் நீ கொடுக்கும் தகவல்தான் ஆயுதம். முழுத் தகவலோடு போகிறவளை யாரும் அலட்சியமாக நடத்த முடியாது.

ஆகவே இந்த வாரமே வில்லங்கச் சான்று போட்டுப் பார். நீ எப்போதாவது எதிலாவது கையெழுத்திட்டிருந்தால் அந்தப் பத்திரத்தின் நகலை எடு. அது கையில் வந்த பிறகு வக்கீலைப் போய்ப் பார், அதற்கு முன்னால் போகாதே.

அன்புடன்,
பெரியம்மா