'செஷன் எக்ஸ்பயர்ட்' என்றால் விண்ணப்பத் திகதி முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை

போன மாதம் நம்ம தோட்டத்து அக்கா ஒருவர் என்னிடம் வந்து, "சேர், மகனுக்கு அந்தத் தொழிற்பயிற்சிக்குப் போட முடியல்ல. நாங்க போகும்போதே திகதி முடிஞ்சிருச்சு" என்று சொன்னார். எந்த நாள் போனீர்கள் என்று கேட்டேன். முடிவுத் திகதிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்திருக்கிறது!

நடந்தது இதுதான். சிலாபத்துக்கு பஸ் ஏறிப் போய், ஒரு கொமியுனிகேஷனில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலே உட்கார்ந்து, மகன் எல்லா விபரத்தையும் அடித்திருக்கிறான். கடைசிப் பொத்தானை அமத்தியதும் திரையில் 'செஷன் எக்ஸ்பயர்ட்' என்று வந்திருக்கிறது. கடைப் பையனும் வேலை அவசரத்தில் "எக்ஸ்பயர் ஆகிட்டு" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். மருந்துப் பெட்டியிலும் பால்மாப் பக்கெற்றிலும் அந்த வார்த்தையைப் பார்த்துப் பழகிய நாம் வேறு என்ன நினைப்போம்? அக்கா என்னிடம் வந்த நேரம் திகதி உண்மையாகவே முடிந்துவிட்டது. பையன் அடுத்த முறை வரைக்கும் பறிப்பு நாட்களில் காய் பொறுக்கப் போகிறான்.

அதனால்தான் இந்தப் பாடம்.

தேங்காய் லொறி தோட்டத்துக் கேட்டைத் தாண்ட ஒரு துண்டு கொடுக்கிறோம் அல்லவா? இன்றைய துண்டை நாளைக்குக் காட்டினால் காவல்காரர் விடமாட்டார். அதற்காக லொறியைப் பறித்துக்கொள்வதும் இல்லை, புதுத் துண்டு வாங்கி வா என்பார். இணையத்தளமும் இப்படித்தான். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போகும்போது அது நம் கணனிக்கோ போனுக்கோ ஒரு சிறு துண்டு தருகிறது. அதற்கு 'குக்கி' என்று பெயர். 1994ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் கம்பனியில் வேலை செய்த லூ மொன்டூலி என்பவர் கண்டுபிடித்தது. அந்தத் துண்டு இல்லாவிட்டால், பக்கத்துக்குப் பக்கம் நாம் யார் என்று தளத்துக்குத் தெரியாது. துண்டு செல்லுபடியாகும் நேரத்தைத்தான் 'செஷன்' என்கிறார்கள். தமிழில் 'அமர்வு காலாவதியானது' என்று வந்தாலும் விஷயம் ஒன்றே. முடிந்தது துண்டின் நேரம். உங்கள் கணக்கும் கடவுச்சொல்லும் அப்படியே இருக்கும்.

இதிலே பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. நாம் படிவத்தில் எழுதிக்கொண்டிருப்பது பல தளங்களில் அந்தப் பக்கத்துக்கே தெரியாது. பொத்தானை அமத்தினால்தான் செய்தி போகும். நாம் நாற்பது நிமிஷம் கஷ்டப்பட்டு அடிக்கிறோம், அங்கே 'ஆள் சும்மா இருக்கிறார்' என்று கணக்கெடுத்துக் கதவை மூடிவிடுகிறது. இணையப் பாதுகாப்பைப் பற்றி வழிகாட்டும் ஓவாஸ்ப் என்ற அமைப்பு, பணம் சம்பந்தப்பட்ட தளங்களுக்கு 2 முதல் 5 நிமிஷமும், சாதாரண தளங்களுக்கு 15 முதல் 30 நிமிஷமும் போதும் என்கிறது. வேகமாக அடிக்கத் தெரிந்தவர்களுக்கு அது சரி. ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிற நம்ம ஆட்களை யார் நினைத்துப் பார்த்தார்களோ!

ஆகவே உள்ளே போகுமுன் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, கிராம உத்தியோகத்தர் பிரிவின் இலக்கம், பரீட்சைச் சுட்டெண் எல்லாம். நீளமாக எழுத வேண்டியதைப் போனில் முதலே அடித்து வைத்தால் அப்படியே எடுத்து ஒட்டலாம். 'சேவ்' என்ற பொத்தான் இருந்தால் ஒவ்வொரு பகுதி முடியவும் அமத்துங்கள்.

அப்படியும் அந்தச் செய்தி வந்தால் உடனே பக்கத்தை மூடவேண்டாம். சில வேளை 'பின்னே' போகும் அம்புக்குறியை அமத்தினால் அடித்த எழுத்து அப்படியே இருக்கும், அதைப் படம் பிடித்துக்கொள்ளலாம். பிறகு தளத்தின் முதல் பக்கத்திலிருந்து மறுபடி உள்ளே போங்கள். நேற்றுச் சேமித்து வைத்த உள்பக்க முகவரியால் போனால் பழைய துண்டைக் காட்டுவது போலத்தான்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் திரும்பத் திரும்ப வாசலுக்கே தள்ளினால், பிரவுசரில் குக்கியைத் தடுத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரே தளத்தை இரண்டு இடத்தில் திறந்து ஒன்றில் வெளியேறினால் மற்றதும் போய்விடும். கரண்ட் போய் ரூட்டர் நின்று, வை-ஃபையை விட்டு டேட்டாவுக்கு மாறினாலும் சில தளங்கள் சந்தேகப்பட்டு வெளியே விடும்.

கடிகாரத்தையும் பாருங்கள். பழைய கணனிக்குள் காசு மாதிரி ஒரு சிறு பட்டரி இருக்கிறது. அது செத்தால் திகதி பல வருஷம் பின்னுக்குப் போய்விடும், தளம் திறக்கவே மறுக்கும். திகதி முன்னுக்குப் போனால் துண்டு கையில் வந்தவுடனேயே காலாவதி ஆகலாம். நம் நாட்டு நேரமே 1996இல் இரண்டு தரம் மாறி, 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரை மணித்தியாலக் கணக்குக்கு வந்தது. அப்போது சுவர்க் கடிகாரத்தோடு பட்ட பாடு பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். போனில் நேரத்தைத் தானாக எடுக்கும்படி விட்டுவிடுவதே நல்லது.

நேரம் முடிந்து வெளியே தள்ளுவது நமக்கு எரிச்சல்தான், ஆனாலும் கொமியுனிகேஷனில் அதுதான் காவல். நீங்கள் எழுந்து போனபின் அடுத்தவர் உங்கள் கணக்கைத் திறக்காமல் தடுப்பது அது. அதை நம்பி இருக்காமல் 'லொக் அவுட்' அமத்திவிட்டு எழும்புங்கள். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று கொடுங்கள். "உங்கள் வங்கி செஷன் முடிந்தது, இங்கே அமத்தி உள்ளே வாருங்கள்" என்று போனுக்குக் குறுஞ்செய்தி வந்தால் தொடவே கூடாது. அது ஏமாற்றுக்காரர் வேலையாக இருக்கலாம்.

புரியாத வார்த்தை திரையில் வந்தால் போனில் ஒரு படம் எடுத்து, முடிவுத் திகதிக்கு முன்னே அலுவலகத்துக்குக் கொண்டு வந்து காட்டுங்கள். கடவுச்சொல் மட்டும் படத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது எனக்கும் வேண்டாம்.