வெட்டுக்காயப் பூண்டு

திருப்பதியில் பேருந்துக்குக் காத்திருப்போரின் காலடியிலும், சித்தூரின் வேர்க்கடலை வயல் வரப்புகளிலும், பள்ளி மதிற்சுவர் ஓரங்களிலும் ஒரு சிறு செடி பூத்துக் கிடக்கிறது. நாள்தோறும் அதனைக் கடந்து செல்வோர் பலர்; அதன் பெயரை அறிந்தோர் சிலரே. அதுவே வெட்டுக்காயப் பூண்டு.

தோற்றம்

இதன் தண்டு நிலத்தில் படர்ந்து, கணுக்களில் வேர்விடும். இலைகள் எதிரெதிராக அமைந்து, ஓரங்களில் பற்களும் மேற்பரப்பில் சொரசொரப்பும் கொண்டிருக்கும். மெல்லிய நீண்ட காம்பொன்று நிமிர்ந்து எழ, அதன் நுனியில் பூ நிற்கும். மூக்குத்தி போன்ற வடிவால் ‘மூக்குத்திப் பூண்டு’ என்றும் இதனை வழங்குவர்.

உற்று நோக்கினால், அது ஒரு பூவன்று என்பது விளங்கும். நடுவிலுள்ள ஒவ்வொரு மஞ்சள் குழலும் தனித்தனிப் பூவாகும். விளிம்பில் இதழ்போல் தோன்றும் வெளிறிய பகுதி ஒவ்வொன்றும் மற்றொரு பூவே. அதன் நுனி மூன்று பற்களாகப் பிளந்திருக்கும். சூரியகாந்தியும் சாமந்தியும் இவ்வாறே அமைந்தவை. இம்மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. முதிர்ந்த விதையின் தலையில் மயிர்க்கற்றை இருப்பதால், காற்று அதனை வெகுதொலைவு சுமந்து செல்கிறது.

வந்த வழி

இச்செடியின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியாகும். எனவே, குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய பூக்களுள் இதற்கு இடமில்லை. 1753-இல் லின்னேயஸ் இதற்கு ‘டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ்’ என்று அறிவியற்பெயர் சூட்டினார். ‘புரோகம்பென்ஸ்’ என்பதற்கு நிலத்தில் படிந்து கிடப்பது என்பது பொருள். கடல் கடந்து வந்த இச்செடியை இந்நாட்டு மக்கள் அந்நியமாகக் கருதவில்லை. தத்தம் மொழியில் பெயரிட்டுத் தமதாக்கிக் கொண்டனர்.

இரு மொழிப் பெயர்கள்

சித்தூர் மாவட்டம், வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911-இல் அமைக்கப்பட்டது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாக அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கும் மண் இது.

தெலுங்கில் இச்செடிக்குக் ‘காயபாக்கு’ என்று ஒரு பெயர் உண்டு. ‘ஆக்கு’ என்றால் இலை. எனவே, அது காயத்துக்குரிய இலை. தமிழர் வைத்த பெயரும் அதுவே அன்றோ! சிறு சிராய்ப்புகளில் இரத்தம் நிற்க இதன் சாற்றைப் பிழிந்துவிடும் வழக்கமே இரு பெயர்களுக்கும் காரணம். ‘பலகாக்கு’ என்பது மற்றொரு தெலுங்குப் பெயர். முற்காலச் சிறுவர் தம் சிலேட்டுப் பலகையை இவ்விலையால் தேய்த்துத் துடைத்தனர். தமிழ்ச் சிறுவரோ பூவின் தலையை விரலால் சுண்டி விளையாடி, இதனைத் ‘தாத்தாப் பூ’ என்றனர். சிலேட்டு மறைந்ததும் ‘பலகாக்கு’ என்ற சொல்லும் மறைந்து வருகிறது. செடி அழியவில்லை, அதனோடு வாழ்ந்த அறிவே அழிகிறது.

அறிந்து பயன்படுத்துதல்

பெயர் தவறினால் மருந்தும் தவறும். கரிசலாங்கண்ணியும் இக்குடும்பத்ததே, ஆனால், அது ஈரமான இடங்களில் வளரும், அதன் வெண்ணிறப் பூ குறுகிய காம்பில் அமையும். இதே குடும்பத்துப் பார்த்தீனியமோ தோலில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். ஆகவே, செடியை ஐயமின்றி அறிந்த பெரியவர் துணையின்றி எவ்விலையையும் மருந்தாகக் கொள்ளுதல் கூடாது. ஆழமான காயத்தைத் தூய நீரால் கழுவி, மருத்துவரிடம் காட்டுதலே முறை.

பயிற்சி

1. வெட்டுக்காயப் பூண்டின் பூ ‘ஒரு பூவன்று’ எனப்படுவது ஏன்?
2. ‘காயபாக்கு’, ‘வெட்டுக்காயப் பூண்டு’ ஆகிய பெயர்களின் ஒற்றுமையை விளக்குக.
3. பிரித்து எழுதுக: மதிற்சுவர், காம்பொன்று, இவ்விலை.
4. வீட்டிலுள்ள பெரியவரிடமும் தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரிடமும் இச்செடியைக் காட்டுக. அவர்கள் கூறும் பெயர்களைத் தமிழில் எழுதி, ஒவ்வொன்றின் காரணத்தையும் கேட்டறிந்து குறிப்பிடுக.